சீட்டுக்கட்டில் தொடங்கும் விளையாட்டு வடிவமைப்பு: எல்லையோர இளைஞர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாடு–கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை, தென்காசி, புளியரைப் பக்கமிருந்து விளையாட்டு வடிவமைப்பாளராக வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த மென்பொருளைக் கற்க வேண்டும் என்பதைத்தான். நான் அவர்களைச் சீட்டு விளையாடச் சொல்கிறேன். அதிலும் சேகரிப்புச் சீட்டு விளையாட்டுகளை. கணினி விளையாட்டில் விதிகள் நிரலுக்குள் ஒளிந்திருக்கும். சீட்டில் அப்படி ஒளிய இடமில்லை. இதற்கு என்ன விலை, இது என்ன தரும், எப்போது இறக்கலாம் என்று வடிவமைப்பாளர் எடுத்த முடிவுகள் எல்லாம் சீட்டின் முகத்திலேயே அச்சாகியிருக்கின்றன. விளையாட்டு வடிவமைப்பில் பெரும்பகுதி விலை வைக்கும் வேலைதான் என்பது என் உறுதியான எண்ணம். அதைக் கற்க இதைவிடத் தெளிவான பாடநூல் கிடையாது.

இந்த வகையைத் தொடங்கி வைத்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர். அவருடைய 'மேஜிக்: தி கேதரிங்' 1993-ல் வெளிவந்தது. எல்லோரும் ஒரே கட்டிலிருந்து சீட்டு எடுக்கும் வழக்கத்தை விட்டு, ஒவ்வொருவரும் தான் சேகரித்த சீட்டுகளிலிருந்து சொந்தக் கட்டு கட்டிக்கொண்டு வந்து மோதுவதுதான் அதன் புதுமை. 1996-ல் ஜப்பானில் போக்கிமான் சீட்டுகள் வந்தன, 1999-ல் யூ-கி-ஓ, 2014-ல் திரையில் மட்டும் ஆடும் ஹார்த்ஸ்டோன்.

படி 1: முதலில் இருபத்தெட்டு

புது விளையாட்டு வாங்கும் முன், கையில் இருப்பதைக் கவனித்து ஆடுங்கள். ஆரியங்காவு கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருபத்தெட்டு தெரியாத தெரு குறைவு. 52 சீட்டில் ஏழு முதல் ஏஸ் வரையுள்ள 32 மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் தலா 1. ஓர் இனத்துக்கு 7, நான்கு இனத்துக்கு 28. ராஜாவும் ராணியும் வெறுங்கை.

நான்கு சீட்டை மட்டும் பார்த்துவிட்டு, இத்தனை புள்ளி எடுப்போம் என்று 14-லிருந்து ஏலம் கேட்க வேண்டும். ஏலம் எடுத்தவர் துருப்பை, அதாவது மற்ற இனங்களை வெல்லும் இனத்தைக் காட்டும் சீட்டை, கவிழ்த்து வைக்கிறார். பிறகுதான் மீதி நான்கு சீட்டு வருகிறது. வடிவமைப்பாளர் கண்ணோடு பார்த்தால் இங்கே மூன்று பாடங்கள் கிடக்கின்றன. பாதித் தகவலோடு முடிவெடுக்க வைப்பது முதலாவது. கவிழ்ந்து கிடக்கும் ஒரே சீட்டு மேசை முழுவதையும் யோசிக்க வைப்பது இரண்டாவது. எதிரே இருக்கும் கூட்டாளி எந்தச் சீட்டை இறக்குகிறார் என்பதே பேசாத செய்தியாக மாறுவது மூன்றாவது. இத்தனைக்கும் விதிகள் ஒரு தாளில் அடங்கிவிடும்.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். துருப்பைத் திறந்தே வைத்து ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள். எந்த இடத்தில் சுவை குறைகிறது என்று எழுதி வையுங்கள். விதியை ஒன்று மாற்றி, விளைவைக் கவனித்து, குறித்து வைப்பது: வடிவமைப்புப் பயிற்சியின் முதல் பாடம் இதுவே.

படி 2: ஒரு சேகரிப்பு விளையாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

நான்கையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். மேஜிக், போக்கிமான், யூ-கி-ஓ, ஹார்த்ஸ்டோன் எல்லாவற்றுக்கும் காசு கட்டாமல் தொடங்கக்கூடிய கைபேசி அல்லது கணினிப் பதிப்பு இருக்கிறது. இருந்தாலும், முடிந்தால் முதல் மூன்றில் ஒன்றுக்கு ஆயத்தக் கட்டு (பிரித்ததும் ஆடக்கூடிய கட்டு) இரண்டு வாங்கிக் கையால் ஆடுங்கள். திரையில் கணக்கையெல்லாம் இயந்திரமே பார்த்துவிடும். கையால் ஆடும்போது எந்த விதி ஞாபகத்தில் நிற்கவில்லை, எந்தக் கணக்கு தலைவலி தருகிறது என்பது உங்களுக்கே தெரியவரும். பின்னால் நீங்கள் செய்யப்போகும் விளையாட்டுக்கு அந்த அனுபவம் மிகவும் வேண்டும்.

உள்ளே எந்தச் சீட்டு என்று தெரியாத மூடிய பொட்டலங்களை வாங்கிக் குவிக்க வேண்டாம். ஒரே இரண்டு கட்டுகளை மாற்றி மாற்றி, இரண்டு பக்கமும் இருந்து ஆடினால் போதும். தோற்கும் பக்கத்தில் இருந்துதான் அதிகம் கற்கலாம்: எந்தச் சுற்றில் ஆட்டம் கைவிட்டுப் போனது, அதைத் தடுக்க அந்த நேரத்தில் உங்களுக்கு வழி இருந்ததா?

படி 3: சீட்டின் விலையைப் படியுங்கள்

வழிகாட்டியின் உயிர் இந்தப் படிதான், அதனால் இங்கே நிதானமாகப் போவோம்.

ஹார்த்ஸ்டோனிலிருந்து தொடங்கலாம். அதன் அடிப்படைச் சீட்டுகளில் 'ரிவர் க்ரொகோலிஸ்க்' 2 மானா (சீட்டை இறக்கக் கொடுக்கும் ஆட்டக் காசு) விலைக்கு 2 தாக்குதலும் 3 உயிரும் தருகிறது. 'சில்விண்ட் யெட்டி' 4 மானாவுக்கு 4 தாக்குதல், 5 உயிர். 'போல்டர்ஃபிஸ்ட் ஓகர்' 6 மானாவுக்கு 6, 7. கூட்டிப் பாருங்கள்: 5, 9, 13. விலையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருகிற எண்கள். எந்தச் சிறப்புத் திறனும் இல்லாத ஒரு சீட்டின் நியாய விலை இந்தக் கோடு. இனி எந்தச் சீட்டைப் பார்த்தாலும் அது கோட்டுக்கு மேலா கீழா என்று கேளுங்கள். கீழே இருந்தால், குறைந்த எண்களுக்கு ஈடாக ஏதோ ஒரு திறன் தரப்பட்டிருக்கும். அந்தத் திறனுக்கு வடிவமைப்பாளர் எத்தனை புள்ளி விலை போட்டார் என்பதை நீங்களே கழித்துக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: சீட்டின் பெயர், விலை, எண்களின் கூட்டுத்தொகை, திறன். ஐம்பது சீட்டு எழுதியதும் அந்த விளையாட்டின் விலைப்பட்டியல் உங்கள் கைக்கு வந்துவிடும். அதை எந்த நிறுவனமும் அச்சிட்டுத் தருவதில்லை.

கோடு தெரிந்தபின், கோடு பொய்த்த இடத்துக்கு வாருங்கள். மேஜிக்கின் முதல் பதிப்பில் ஐந்து நிறத்துக்கும் ஒன்றாக ஐந்து சீட்டுகள் இருந்தன. ஐந்தும் ஒரே ஒரு மானா. ஐந்தும் ஏதாவது ஒன்றை மூன்று தரும். சிவப்பின் 'லைட்னிங் போல்ட்' 3 சேதம். பச்சையின் 'ஜெயன்ட் குரோத்' ஓர் உயிரினத்துக்கு 3 வலிமையும் 3 உறுதியும். கறுப்பின் 'டார்க் ரிச்சுவல்' 3 மானா. வெள்ளையின் 'ஹீலிங் சால்வ்' 3 உயிர், அல்லது 3 சேதத்தைத் தடுப்பது. நீலத்தின் 'ஆன்செஸ்ட்ரல் ரீகால்' 3 சீட்டு.

தாளில் பார்த்தால் அழகான சமன்பாடு. மேசையில் நடந்தது வேறு. நீலச் சீட்டு அந்த விளையாட்டின் வரலாற்றிலேயே மிக வலிமையான சீட்டுகளில் ஒன்றாக நிலைத்துவிட்டது. வெள்ளைச் சீட்டைக் கட்டில் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. காரணத்தை யோசியுங்கள். 3 உயிர் என்பது 3 உயிர் மட்டும்தான். 3 சீட்டு என்றால், அடுத்து நீங்கள் செய்யக்கூடிய மூன்று காரியங்கள். எண் ஒன்றாக இருந்தால் மதிப்பும் ஒன்றாகிவிடாது. உங்கள் விளையாட்டில் எந்தப் பொருள் மற்ற பொருள்களாக மாறக்கூடியது என்று கண்டுபிடித்து, அதற்குத்தான் மிகக் கவனமாக விலை வைக்க வேண்டும். கணினி விளையாட்டில் தங்கத்துக்கும் அனுபவப் புள்ளிக்கும் இதே விதிதான்.

மற்ற விளையாட்டுகளும் இதே பள்ளத்தைத் தாண்டி வந்தவைதான். போக்கிமானின் தொடக்கத்தில் பயிற்சியாளர் சீட்டுகளுக்கு விலையே இல்லை. 'ப்ரொஃபசர் ஓக்' கையிலிருப்பதை எறிந்துவிட்டு ஏழு சீட்டு எடுக்கச் சொல்லும். ஒரே சுற்றில் எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம். பின்னாளில் ஆதரவாளர் என்றொரு வகையை உண்டாக்கி, சுற்றுக்கு ஒன்று என்று கட்டுப்படுத்தினார்கள். யூ-கி-ஓவில் விலையின்றி இரண்டு சீட்டு தரும் 'பாட் ஆஃப் கிரீட்' போட்டிகளில் தடைசெய்யப்பட்டது. ஒன்றில் விதியை மாற்றினார்கள், மற்றொன்றில் சீட்டை வெளியேற்றினார்கள். இரண்டும் தீர்வுகள்தாம். விதியை மாற்றும் வழி எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது. அது இனி வரப்போகும் சீட்டுகளுக்கும் சேர்த்தே காவல் நிற்கிறது.

படி 4: வளம் எப்படி ஊறுகிறது என்று பாருங்கள்

விலை என்றால் கொடுக்கப் பணம் வேண்டும் அல்லவா? அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் ஒரு விளையாட்டின் குணத்தைத் தீர்மானிக்கிறது.

மேஜிக்கில் மானா தரும் நிலச் சீட்டுகளும் கட்டுக்குள்ளேயே கலந்து கிடக்கும். 60 சீட்டுக் கட்டில் 24 நிலம் வைப்பது வழக்கமான கணக்கு. முதல் ஏழு சீட்டில் ஒரு நிலமோ அதற்கும் குறைவோ வர வாய்ப்பு ஏறக்குறைய 14 சதவீதம். ஏழு ஆட்டத்துக்கு ஒரு முறை, ஆட்டம் தொடங்கும் முன்பே நொண்டிக்கொண்டு நிற்பீர்கள். ஹார்த்ஸ்டோன் இந்தத் தொல்லையையே எடுத்துவிட்டது: சுற்றுக்கு ஒரு மானா தானாகக் கூடி, பத்தில் நிற்கும். போக்கிமானில் சுற்றுக்கு ஓர் ஆற்றல் சீட்டு. யூ-கி-ஓவில் மானாவே இல்லை. சுற்றுக்கு ஒரு முறை மட்டுமே சாதாரண அழைப்பு (கையிலிருந்து ஓர் உயிரினத்தைக் களத்தில் இறக்குவது) என்பதுதான் அங்கே கடிவாளம்.

எது சிறந்தது என்று கேட்காதீர்கள். எதைக் கொடுத்து எதை வாங்கினார்கள் என்று கேளுங்கள். மேஜிக்கில் நிலம் வராத எரிச்சல் உண்டு. ஆனால் ஐந்து நிறத்தை எந்த விகிதத்தில் கலப்பது என்ற ஆழமான தேர்வும் அதனால்தான் வருகிறது. ஹார்த்ஸ்டோனில் எரிச்சல் போனது, அந்தத் தேர்வும் சேர்ந்து போனது. அதற்குப் பதிலாகத்தான் நாயக வகுப்புகளைப் பிரித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் தனிச் சீட்டுகளை வைத்தார்கள்.

படி 5: அதிர்ஷ்டத்தைக் கணக்குப் போடுங்கள்

நிகழ்தகவு என்றதும் பயப்பட வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கே போதும். 60 சீட்டுக் கட்டில் ஒரு சீட்டின் நான்கு படிகள் (நகல்கள்) வைத்தால், முதல் ஏழில் ஒன்றாவது வர வாய்ப்பு சுமார் 40 சதவீதம். ஒரே ஒரு படி என்றால் 12 சதவீதத்தை எட்டாது. ஒரு சீட்டுக்கு எத்தனை படி என்ற ஒரே விதி, ஆட்டங்கள் ஒன்றுபோல இருக்குமா வெவ்வேறாக இருக்குமா என்பதை முடிவுசெய்துவிடுகிறது.

முதலில் ஆடுகிறவருக்குக் கிடைக்கும் சலுகையையும் பாருங்கள். மேஜிக்கில் முதலில் ஆடுபவர் முதல் சுற்றில் சீட்டு எடுப்பதில்லை. ஹார்த்ஸ்டோனில் இரண்டாமவருக்கு ஒரு சீட்டு கூடுதலாகவும், ஒரு முறை ஒரு மானா தரும் நாணயமும் கிடைக்கும். அந்த நாணயத்தை எப்போது செலவழிப்பது என்பதே ஒரு சுவையான முடிவு. குறையை ஈடுகட்டும்போதே ஒரு தேர்வையும் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்புகளில் இது ஒன்று.

படி 6: கட்டு கட்டுங்கள், பிறகு உடைக்கப் பாருங்கள்

சொந்தக் கட்டு கட்டும்போது நீங்கள் பாதி வடிவமைப்பாளர். விலைவாரியாகச் சீட்டுகளைத் தரையில் அடுக்குங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று என்று. எந்த அடுக்கு உயரம், எந்த அடுக்கு வெற்றிடம் என்பதிலேயே உங்கள் ஆட்டம் எந்தச் சுற்றில் உச்சம் தொடும் என்று தெரியும்.

பிறகு, விதியில் ஓட்டை தேடுங்கள். 1993-ல் மேஜிக் கட்டுக்கு 40 சீட்டு இருந்தால் போதும், ஒரே சீட்டை எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். ஒருவர் சில பொட்டலங்களுக்கு மேல் வாங்க மாட்டார் என்ற எதிர்பார்ப்பில் அமைந்த விதி அது. மக்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். வலிமையான ஒரே சீட்டால் கட்டை நிரப்பினார்கள். 1994-ல் போட்டி விதிகள் 60 சீட்டு, ஒரு சீட்டுக்கு நான்கு படி என்ற வரம்பைக் கொண்டுவந்தன. ஆடுகிறவர் எவ்வளவு தூரம் போவார் என்பதை வடிவமைப்பாளர் குறைத்தே மதிப்பிடுவார். ஆகவே உங்கள் விதியை உடைக்க வேண்டும் என்றே ஒரு நண்பரை நியமித்துக்கொள்ளுங்கள்.

படி 7: ஆட்டத்தைவிட ஆடுகிறவரைக் கவனியுங்கள்

மேஜிக்கின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர் ஆடுகிறவர்களை மூன்று வகையாகப் பிரித்துப் பேசுவார்: பெரிய, பிரமிப்பான கணத்துக்காக ஆடும் டிம்மி; புதுமையான சேர்க்கையைக் கண்டுபிடிக்க ஆடும் ஜானி; வெல்வதற்காக ஆடும் ஸ்பைக். நம்மூர் மேசையிலும் மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். இருபத்தெட்டில் கையில் எதுவும் இல்லாமலே இருபதுக்கு மேல் கேட்கிற அண்ணன் யார், இறங்கிய சீட்டுகளை எல்லாம் மனத்தில் எண்ணிக்கொண்டு அமைதியாக இருக்கும் மாமா யார் என்று யோசித்தால் விளங்கிவிடும். உங்கள் விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் பிடித்த சீட்டு ஒன்றாவது இருக்கட்டும்.

படி 8: சொந்தமாக ஒன்று செய்யுங்கள்

நம் கண்முன் நடப்பதையே எடுத்துக்கொள்வோம். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி லாரிகள் புளியரை தாண்டி, ஆரியங்காவு கணவாய் வழியாகக் கேரளத்துக்குப் போகின்றன. விளையாட்டின் பெயர் 'கணவாய்' என்று வைத்துக்கொள்வோம். இருவர் ஆடுவது. இருவருமே வியாபாரிகள். சுற்றுக்கு ஒரு காசு கூடும், ஆறில் நிற்கும். தக்காளி, சின்ன வெங்காயம், முருங்கைக்காய், வாழைத்தார் எல்லாம் சரக்குச் சீட்டுகள். ஒவ்வொன்றுக்கும் எடை, வேகம் என இரண்டு எண்கள். படி 3-ல் பார்த்த கோட்டையே முதல் விலைப்பட்டியலாக வையுங்கள்: 2 காசுச் சரக்குக்கு எடையும் வேகமும் கூட்டி 5, 3 காசுக்கு 7.

இதற்குமேல் இரண்டு சிறப்புச் சீட்டுகள் மட்டும் சேர்ப்போம். ஏனென்றால் இரண்டிலும் பாடம் இருக்கிறது.

'சோதனைச்சாவடி' எதிராளியின் ஒரு லாரியை நிறுத்தும். 1 காசு விலை வைத்தால், சுற்றுக்குச் சுற்று நிறுத்திக்கொண்டே இருப்பார்கள். எதிரில் இருப்பவர் சும்மா உட்கார்ந்திருப்பார். மேஜிக்கில் எதிராளியின் நிலத்தை அழிக்கும் சீட்டுகள் ஒரு காலத்தில் மூன்று மானாவுக்குக் கிடைத்தன. பின்னாளில் அதே வேலைக்கு நான்கும் அதற்கு மேலும் விலை வைத்தார்கள். ஒருவரை ஆடவிடாமல் செய்யும் சீட்டுக்கு எப்போதும் கூடுதல் விலை வையுங்கள். இன்னும் நல்லது, தப்பிக்க ஒரு வழி கொடுப்பது: நிறுத்தப்பட்ட லாரிக்காரர் 2 காசு கட்டினால் அடுத்த சுற்றில் நகரலாம்.

'ஓணம்' அந்தச் சுற்றில் சேரும் சரக்குக்கு இரட்டைப் புள்ளி தரும். இறக்கிய உடனே பலித்தால், கையில் ஒளித்து வைத்திருந்து கடைசியில் அடித்து வெல்லும் சீட்டாகிவிடும். எதிராளியால் எதுவும் செய்ய முடியாது. ஆனால் ஓணம் என்றைக்கு என்று கணவாயின் இரு பக்கத்து வியாபாரிக்கும் முன்பே தெரியும். அதையே விதியாக்குங்கள்: சீட்டைத் திறந்து வைக்க வேண்டும், இரண்டு சுற்று கழித்துப் பலிக்கும், இருவருக்கும் பலிக்கும். இப்போது அது பந்தயமாக மாறிவிட்டது. யார் லாரியை அந்தச் சுற்றுக்குச் சரியாகக் கொண்டுசேர்ப்பது? யார் சாவடியை அதற்காகச் சேமித்து வைப்பது? நிஜ வாழ்க்கையின் ஒரு நடப்பை எடுத்து விதியாக மாற்றும்போது, விளையாட்டை விளக்கவே வேண்டாத அளவுக்கு அது எளிதில் புரிந்துவிடும்.

அச்சகத்துக்கு ஓட வேண்டாம். சேகரிப்புச் சீட்டின் அளவு 63 மில்லிமீட்டருக்கு 88. ஒரு ஏ4 தாளில் ஒன்பது அடங்கும். பென்சிலில் எழுதி, வெட்டி, பழைய சீட்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் சொருகினால் போதும். பேனா வேண்டாம், முதல் வாரத்திலேயே பாதி எண்களை அழிப்பீர்கள். எண்களையும் குறியீடுகளையும் பெரிதாகப் போடுங்கள், வாசகத்தைச் சுருக்குங்கள். நம் மேசையில் தமிழ் படிப்பவரும் மலையாளம் படிப்பவரும் சேர்ந்தே உட்காருவார்கள்.

படி 9: வாய் திறக்காமல் சோதியுங்கள்

முதல் சோதனை தனியாக, இரண்டு கையையும் நீங்களே ஆடுவது. அடுத்தது நண்பர்களோடு. மூன்றாவதுதான் உண்மையான சோதனை: உங்களைத் தெரியாதவர்களிடம் விதித்தாளையும் கட்டையும் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்காருவது. 2018-ல் அகலப்பாதையாகித் திறந்த செங்கோட்டை–புனலூர் ரயிலில் ஏறி, அந்தப் பக்கத்து நூலகத்திலோ கல்லூரி விடுதியிலோ ஆடக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் விதியைத் தவறாகப் புரிந்துகொண்டால் திருத்தாதீர்கள். எந்த வரியில் தடுமாறினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பல சமயம் அவர்கள் தவறாக ஆடிய விதி, நீங்கள் எழுதியதைவிட நன்றாக இருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் "பிடித்திருந்ததா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக ஆமாம் என்பார்கள். "கையில் கடைசிவரை இறக்காமல் வைத்திருந்த சீட்டு எது?" என்று கேளுங்கள். "எந்த இடத்தில் தோற்றுவிட்டோம் என்று தோன்றியது?" என்று கேளுங்கள். இறக்கப்படாத சீட்டுக்கு விலை அதிகம், அல்லது அது தேவையே இல்லை. தோல்வி மூன்றாம் சுற்றிலேயே தெரிந்து, ஆட்டம் பத்தாம் சுற்றுவரை இழுத்தால், நடுவில் உள்ள ஏழு சுற்றையும் சரிசெய்ய வேண்டும். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

படி 10: விற்பனை முறையும் வடிவமைப்புதான்

மூடிய பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்க வைப்பது இந்த வகையின் பலமும் சிக்கலும். அரிய சீட்டு வலிமையாகவும் இருந்தால், காசு உள்ளவர் வெல்லும் விளையாட்டாகிவிடும். பள்ளிப் பிள்ளைகள் ஆடும் ஒன்றில் அதை நான் ஏற்க மாட்டேன்.

வேறு வழிகள் இருக்கின்றன. 2008-ல் வந்த 'டொமினியன்' கட்டு கட்டும் வேலையையே ஆட்டத்துக்குள் கொண்டுவந்தது: எல்லோரும் ஒரே மாதிரி பத்துச் சீட்டோடு தொடங்கி, நடுவில் உள்ள பொதுக் குவியலிலிருந்து வாங்கிக்கொண்டே போவார்கள். ஒரே பெட்டி, ஒரே விலை. 2019-ல் முழுமையாக வெளிவந்த 'ஸ்லே தி ஸ்பையர்' அதை ஒருவர் ஆடும் கணினி விளையாட்டாக்கியது. அதில் எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பதை முன்பே காட்டிவிடுவார்கள். சுற்றுக்கு மூன்று ஆற்றல், ஐந்து சீட்டு. படி 3 முதல் 5 வரை பார்த்த எல்லாவற்றையும் அங்கே புது உருவில் காணலாம். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் 'கணவாய்' சோதனைகள் நிலைபெற்றபின் அந்தப் பாதையில் போகலாம்.

அச்சுப் பாதையில் போகிறவர்களுக்குச் சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது. 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) அட்டையில் முதலில் டிஜிட்டல் அச்சில் சில கட்டுகள் மட்டும் எடுங்கள். ஆஃப்செட் அச்சு நூற்றுக்கணக்கில் போட்டால்தான் கட்டுப்படியாகும். மூலைகளை வட்டமாக வெட்டித் தரச் சொல்லுங்கள். எல்லாச் சீட்டின் பின்பக்கமும் ஒரே நிறத்தில் வந்திருக்கிறதா என்று கட்டைப் பிரித்து, வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். சிறு நிற வேறுபாடு இருந்தாலும் சீட்டை அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள்.